வந்து போகும் பழுது

கல்வராயன் மலையில் ஓடும் வண்டிகளுக்கு ஒரு வகைப் பழுது வரும். மலையில் இருக்கும், கள்ளக்குறிச்சிப் பட்டறைக்கு வந்தால் இருக்காது. கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் இழுவை செத்துப்போகும், செக் இன்ஜின் விளக்கு எரியும், சில சமயம் இன்ஜின் பட்டென்று நின்றேவிடும். கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். கீழே வந்து ஸ்கேனரை மாட்டினால் பழுதுக் குறியீடான கோடு எதுவும் இருக்காது, இருந்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோடுகள் இருக்கும். அதில் முதலில் கண்ணில் பட்ட சென்சாரை மாற்றுவார்கள். வண்டி இரண்டு வாரம் நன்றாக ஓடும். பிறகு அதே ஏற்றத்தில் அதே தகராறு.

மாற்றியதும் ஏன் சரியானது, சரியானது ஏன் திரும்பி வந்தது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் இந்தப் பழுதின் குணம் பிடிபடும். இரண்டாவதைப் பட்டறைகளில் எப்போதும் கேட்கிறார்கள். முதலாவதை யாரும் கேட்பதில்லை. சரியாகிவிட்ட வண்டியைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்?

பழைய டீசல் ஜீப்புகள் ஓடிய காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. பம்பு முழுக்க இயந்திர வேலை. இன்ஜினை நிறுத்தும் சோலனாய்டுக்குப் போகும் ஒரு வயரைத் தவிர ஓட்டத்துக்கு மின்சாரமே தேவைப்படாது. 2017 ஏப்ரல் 1 அன்று பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்க வந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ் 6 வந்தது. அதன்பின் வந்த சாதாரண பிக்கப் வண்டியிலும் கிராங்க், கேம், ரயில் பிரஷர், கூலன்ட் சூடு, உள்ளிழுக்கும் காற்று, ஆக்சிலேட்டர் பெடல், புகைக்குழாய்ச் சூடு என்று சென்சார்கள் நிறைந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முதல் ஆறு வயர், ஒவ்வொரு வயருக்கும் இரு முனையிலும் பின், நடுவில் அவற்றைச் சேர்க்கும் கப்ளர்கள். சென்சார்களைவிட இணைப்புகள் பல மடங்கு அதிகம். ஆனால் கடையில் அட்டைப்பெட்டியில் கிடைப்பது சென்சார்தான், இணைப்பு அல்ல.

ஈசிஎம் என்கிற இன்ஜின் கணினிக்குத் தன் கம்பியில் வரும் வோல்ட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. பெரும்பாலான சென்சார்களுக்கு அது 5 வோல்ட் கொடுக்கிறது. திரும்பி வரும் சிக்னல் ஏறக்குறைய அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒரு கோடு, மேலே போனால் இன்னொரு கோடு. கூலன்ட் சென்சாரின் வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறும்; ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். கல்வராயனில் மார்கழிப் பனிகூட அந்த அளவுக்குப் போனதில்லை என்பதால் இது திறந்துபோன சுற்று என்று தயங்காமல் முடிவு செய்யலாம். அதே வயர் எர்த்தில் உரசினால் இன்ஜின் கொதிக்கிற அளவுக்கு மேலே, 140 டிகிரியைத் தொட்டுக் காட்டும்.

ஆகவே ஸ்கேனர் சொல்வது சுற்றின் பெயரைத்தான், கெட்ட பாகத்தின் பெயரை அல்ல. பி0118 என்ற கோடு வந்தால் ‘கூலன்ட் சென்சார் சுற்றில் வோல்ட் அதிகம்’ என்று பொருள். அந்தச் சுற்றில் சென்சார் ஓர் உறுப்பு. வயர், பின், கப்ளர், எர்த், ஈசிஎம் எல்லாம் மற்ற உறுப்புகள். சம்பந்தமில்லாத மூன்று கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் மூன்று சென்சாரும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் வயரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதில் ஒன்றின் உள்ளே ஷார்ட் ஆனாலும் மற்றவை எல்லாம் பொய் சொல்லத் தொடங்கும். வயரிங் படத்தை எடுத்து இவை எங்கே ஒன்றுசேர்கின்றன என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலை. மூன்று சென்சார் வாங்குவதைவிட மலிவு.

வந்து போகும் பழுதுக்கு இந்தக் கணினி இன்னொரு வகையிலும் சாதகம். ஓபிடி என்கிற, வண்டி தன்னைத்தானே சோதிக்கும் பொதுவான முறையில் பல பழுதுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தப்பு தெரிந்தால்தான் விளக்கு எரியும். மூன்று ஓட்டம் ஒழுங்காகப் போனால் விளக்கு அணையும். நாற்பது முறை இன்ஜின் சூடாகி ஓடிய பிறகு கோடே அழிந்துவிடும். மாதம் ஒருமுறை தலைகாட்டும் தளர்வு இந்தச் சல்லடையில் நழுவிப்போகும். ஆகவே உறுதியான கோடு இல்லாவிட்டாலும் காத்திருப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடு பதிவான நொடியில் வேகம், சூடு, பளு எவ்வளவு இருந்தன என்ற உறைநிலைப் பதிவையும் எழுதி வைக்க வேண்டும். நிறைய இடங்களில் முதல் வேலையாகக் ‘கிளியர்’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இருந்த ஒரே சாட்சியும் அதோடு போய்விடும்.

சில பழுதுகள் கோடே வைக்காது. கிராங்க் சென்சார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் சிக்னல் முழுதாக நின்றால் இன்ஜின் நின்றுவிட்டது என்றே பல கணினிகள் எடுத்துக்கொள்ளும். நின்ற இன்ஜினுக்கு எதற்குக் கோடு? இங்கே ஓட்டுநரின் கண்தான் கருவி. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்ததா, இன்ஜினோடு சேர்ந்து மெல்ல இறங்கியதா? சட்டென்று விழுந்தால் கிராங்க் சிக்னலைச் சந்தேகிக்கலாம். மெல்ல இறங்கினால் டீசல் பக்கம் பார்க்கலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி நாள் வேலை மிச்சம். ஆனால் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் முதலாளி. முள்ளைப் பார்த்தவர் ஓட்டுநர். அவர் வேறு வண்டியில் போயிருப்பார்.

கம்பி எப்படிக் கெடுகிறது என்பதில்தான் விஷயம் அடர்த்தியாக இருக்கிறது. கப்ளருக்குள் இருக்கும் பின்கள் பெரும்பாலும் வெள்ளீயம் பூசியவை. இன்ஜின் அதிர்வில் ஆண் பின்னும் பெண் பின்னும் ஒன்றின்மேல் ஒன்று சில மைக்ரான் அளவுக்கு உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உரசலிலும் புதுப்பரப்பு வெளிப்பட்டு ஆக்ஸைடாகிறது. அந்தத் தூள் தொடும் இடத்திலேயே தங்கி மின்தடையாகிறது. ஹெட்லைட் வயராக இருந்தால் பாயும் கரண்டே அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு போகும். சென்சார் வயரில் ஓடுவது சில மில்லி ஆம்பியர். அதற்கு அந்த வலு இல்லை. ஒரே கப்ளரில் தடித்த வயர் வேலை செய்து மெல்லிய வயர் மட்டும் மக்கர் பண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. சென்சாரை மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மீண்டும் மாட்டுகிறோம். அந்த ஒரு தடவை இழுத்துச் செருகுவதிலேயே படலம் துடைபட்டு இணைப்பு புதிதாகிவிடுகிறது. புதிய சென்சார்தான் குணப்படுத்தியது என்று நம்பிப் பழையதைத் தூக்கி எறிகிறோம். உரசல் தொடர்கிறது, தூள் மறுபடி சேர்கிறது, இரண்டு வாரத்திலோ இரண்டு மாதத்திலோ பழுது திரும்புகிறது. எறிந்த பழைய சென்சாரையே கழற்றி மாட்டியிருந்தாலும் அதே அளவு நாள் ஓடியிருக்கும். எனவே என் கருத்தில் இந்த வேலையின் முதல் விதி, கப்ளரை உடனே கழற்றாதே என்பதுதான். கழற்றும் கையே தடயத்தை அழித்துவிடுகிறது.

தண்ணீர் செய்யும் வேலை வேறு. வயரின் உறையில் ஊசி குத்தி டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கும் பழக்கம் பழைய எலக்ட்ரீஷியன்களிடம் உண்டு. ஹார்ன் வயரில் அதனால் பெரிய கேடில்லை. சென்சார் வயரில் அந்தத் துளை வழியே ஐப்பசி மழைத் தண்ணீர் இறங்கும். பிரிப்பிரியான செம்புக் கம்பிகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஊர்ந்து, குத்திய இடத்திலிருந்து தள்ளி எங்கோ களிம்பு பிடிக்கும். வெளியே உறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி பச்சைத் தூளாக இருக்கும். விரலால் நசுக்கிப் பார்த்தால் நொறுநொறுவென்று தெரியும். வண்டியைப் பிரஷர் வாஷ் செய்யும்போது கப்ளரின் ரப்பர் சீல் விலகுவதும் இதே வேலையைச் செய்யும்.

களிம்பின் இன்னொரு குணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. வயரை ஆட்டாமலேயே, வெறும் சூட்டினால் வந்து போகும் பழுதை அது உண்டாக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கூலன்ட் சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓமைச் சற்றுத் தாண்டும், 100 டிகிரியில் 200-க்கும் கீழே. கப்ளரில் களிம்பினால் 100 ஓம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் 2,500-ல் அந்த 100 ஓம் தெரியவே தெரியாது. 90 டிகிரிக்குச் சூடேறிய பிறகு கணினிக்கு 10 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும். பட்டறையில் குளிர்ந்த இன்ஜினில் மீட்டரை வைத்தவர் ‘எல்லாம் சரி’ என்று சொல்வது பொய்யல்ல.

மலை தன் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறது. முதல் கியரில் பளுவோடு ஏறும்போது இன்ஜின் தன் ரப்பர் மவுண்ட்களில் ஒரு பக்கமாகச் சாயும். மவுண்ட் கிழிந்திருந்தால் இன்னும் அதிகம். சமதரையில் தொய்ந்து கிடக்கும் ஹார்னஸ் என்கிற வயர்க்கட்டு அப்போது இழுபடும். உறைக்குள் அறுந்தும் அறுபடாமலும் இருக்கும் கம்பி அந்த நேரத்தில் மட்டும் பிரியும். ஏறும்போது சிமெண்டும் உரமும், இறங்கும்போது ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி மூட்டையும் என்று ஓடும் வண்டியைக் காலியாகக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் அந்தச் சாய்வு வராது. ஏற்றத்தில் மட்டும் வரும் பழுதா, இறக்கத்திலும் வருகிறதா, இடப்பக்க வளைவிலா வலப்பக்க வளைவிலா, ஏறத் தொடங்கியதுமா நன்றாகச் சூடான பிறகா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். இவற்றோடு எலி. நெல் களத்திலும் மக்காச்சோள மூட்டைகளுக்குப் பக்கத்திலும் இரவு நிற்கும் வண்டியில் எலிக் கடியை முதலில் பார்ப்பது கேவலமான வேலை அல்ல.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டை துருப்பிடித்தால், ஃபேனும் ஹெட்லைட்டும் ஒன்றாக ஓடும்போது மட்டும் கணினியின் பூஜ்யம் மேலேறிவிடும். பூஜ்யமே நகர்ந்தால் அதிலிருந்து அளக்கும் எல்லாச் சிக்னலும் தவறுதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, எல்லா லோடையும் போட்டு, ஸ்டார்ட்டர் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அரை வோல்ட்டைத் தொட்டால் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். சென்சார் எர்த்தில் 50 மில்லி வோல்ட்டுக்கு மேலேயே சந்தேகம் வர வேண்டும். கூடுதல் ஹார்ன் ரிலே, அலங்கார எல்இடி, பாட்டுப் பெட்டி, ஜிபிஎஸ் கருவி என்று கிடைத்த வயரில் கத்தியால் கீறி டேப் சுற்றிக் கொடுத்த இணைப்புகளை, வேறெதையும் தொடும் முன்பே பார்த்துவிடலாம். எந்தக் கணினிக் கோடும் அவற்றைக் காட்டிக்கொடுக்காது.

தேடும் முறைகளில் பட்டறைகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. ஆட்டிப் பார்ப்பது பழைய முறை. இன்ஜினை ஓடவிட்டு ஹார்னஸை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்து, எங்கே இன்ஜின் குலுங்குகிறது என்று கவனிப்பது. இதை நாட்டுவைத்தியம் என்று ஸ்கேனர்காரர்கள் சிரிப்பார்கள். ஸ்கேனர் இன்றியும் ஆட்டிப் பார்த்தே பாதிப் பழுதைப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனரில் நேரடி அளவுகளைப் பார்த்துக்கொண்டே ஆட்டினால் இன்னும் நல்லது. அப்போது திரையில் இருபது அளவுகளைப் போடக் கூடாது; சந்தேகப்படும் ஒன்றிரண்டை மட்டும் வைத்தால் அவை வேகமாகப் புதுப்பிக்கப்படும்.

டிஜிட்டல் மல்டிமீட்டரின் திரை நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் மாறும். 60 பல் இடம் கொண்ட கிராங்க் சக்கரம் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் நொடிக்கு 2,000 பல் இடத்தைச் சென்சார் முன் கொண்டுபோகிறது. அதில் நாலைந்து பல்லின் சிக்னல் விடுபட்டால் மீட்டருக்குத் தெரிய வழியே இல்லை. முள் ஆடும் பழைய மீட்டர் இந்த விஷயத்தில் டிஜிட்டலைவிடக் கொஞ்சம் மேல், துடிப்பாவது தெரியும். உண்மையில் தேவைப்படுவது ஆசிலாஸ்கோப். லேப்டாப்பில் மாட்டும் சிறு ஸ்கோப்புகளின் விலை இப்போது ஒரு நல்ல ஸ்கேனரைவிட அதிகமில்லை. வாங்குவதைவிட, நல்ல நிலையில் உள்ள வண்டியின் அலை எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகி வைத்திருப்பதுதான் கடினம்.

ஓம் மீட்டரைப் பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். இருபது பிரியில் ஒரே பிரி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பூஜ்ய ஓம் காட்டும். கம்பியின் பலத்தைப் பார்க்க இரு முனைக் கப்ளர்களையும் கழற்றிவிட்டு, அந்த வயர் வழியாக ஒரு 5 வாட் பல்பை எரியவிட்டு வயரை ஆட்டிப் பார்ப்பது நம்பகமான சோதனை. ஈசிஎம் கழற்றப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொள்ளாமல் இதைச் செய்யக் கூடாது. பெண் பின்னுக்குள் மீட்டர் முனையைத் திணிப்பதும் ஆகாது. அகன்றுபோன பின் புதிய பழுதாக மாறி, பழைய பழுதோடு சேர்ந்துகொள்ளும். அதே அளவு ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்துப் பார்த்தால், பிடிப்பு இருக்கிறதா இல்லையா என்று கை சொல்லும்.

சூட்டுப் பழுதுக்குப் பட்டறையிலேயே சூட்டை உண்டாக்கலாம். ஹேர் டிரையர் போதும், கப்ளரை உருக்கிவிடாத தூரத்தில். மழைப் பழுதுக்குத் தெளிப்பான் புட்டி. உயரத்தை மட்டும் பட்டறையில் உண்டாக்க முடியாது. ஆனால் உயரமே இலவசச் சோதனை ஒன்றைத் தருகிறது. இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் போட்டால், மேனிஃபோல்டு அழுத்தச் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கள்ளக்குறிச்சியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 11 கிலோபாஸ்கல் என்ற கணக்கில், மலை மேலே போனால் அது குறைந்தாக வேண்டும். மேலேயும் அதே எண்ணைக் காட்டினாலோ, தாறுமாறாகக் குதித்தாலோ அந்தச் சுற்றில் விவகாரம் இருக்கிறது.

இந்தப் பழுது நம்மூர்ப் பட்டறைகளுக்கு மட்டும் தண்ணி காட்டவில்லை. டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுப்பதாக எழுந்த புகாரில் அமெரிக்க அரசு நாசாவின் பொறியாளர்களையே அழைத்தது. 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, கட்டுக்கடங்காத பெரிய வேகத்துக்கு மின்னணுக் காரணம் எதையும் காணவில்லை என்றது. ஆனால் சோதித்த ஓர் ஆக்சிலேட்டர் பெடல் சென்சாருக்குள் வெள்ளீயப் பரப்பிலிருந்து மயிரிழைபோல் வளர்ந்த இழை ஒன்று, இரண்டு சிக்னல்களுக்கு நடுவே பாலம் போட்டிருந்ததையும் அது பதிவு செய்தது. பெடலில் இரண்டு தடங்கள் வைப்பதே ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். இரண்டும் பொருந்தாவிட்டால் கணினி வேகத்தைக் கட்டிப்போடும். சாவியை அணைத்துப் போட்டால் பல சமயம் விடுவிக்கும். சுமையோடு மலையில் ஏறும் வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு, நடுவழியில் நிற்பதற்குச் சமம். விமானத் துறையிலும் கழற்றி அனுப்பிய கருவி மேசைச் சோதனையில் ‘பழுதில்லை’ என்று திரும்பிவருவது தீராத தலைவலி.

இத்தனை முறைகள் தெரிந்தும் ஏன் சென்சார் மாற்றுவதே வழக்கமாக இருக்கிறது? மெக்கானிக்குகளின் அறியாமை என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஊரில் பில் போடுவது பாகத்துக்கும் மாட்டும் கூலிக்கும்தான். நாலு மணி நேரம் தேடி ஒரு பின்னை இறுக்கியவர் ஐந்நூறு ரூபாய் கேட்டால் ‘ஒரு பின்னை இறுக்கவா?’ என்று சண்டை வரும். மூவாயிரம் ரூபாய் சென்சாரை அரை மணி நேரத்தில் மாட்டியவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. தேடும் நேரத்துக்குக் காசு கிடையாது என்றால் தேட மாட்டார்கள்.

வயரிங் படம் கிடைப்பது இன்னொரு தடை. படம் கம்பெனி சர்வீஸ் மையத்தில் இருக்கும். சாலையோரப் பட்டறையில் கைப்பேசியில் யாரோ அனுப்பிய மங்கிய படம் இருக்கும், அதுவும் வேறு மாடலுடையதாக. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி, வீட்டுச் சாதனங்களோடு வாகனமும் அதில் ஒரு பிரிவு. கையேடுகளையும் தகவல்களையும் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது நோக்கம். பட்டறைக்குத் தேவை எந்தப் பின் எந்த நிற வயர், எங்கே எந்த எர்த்தில் முடிகிறது என்ற அளவுக்கு நுணுக்கமான படம். அது சட்டப்படி கிடைத்தாக வேண்டும் என்ற நிலை வராதவரை இணையதளம் பெயரளவுக்குத்தான்.

கண்டுபிடித்த பிறகு செய்யும் வேலையிலும் பழுது ஒளிந்துகொள்ளும். களிம்பு பிடித்த வயரைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிப் பின்னோக்கிப் போக வேண்டும். அரைகுறையாக நிறுத்தினால் திரும்ப வரும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் அதிர்வில் ஒடியும். நல்ல கிரிம்ப், உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ், ஹார்னஸை உடம்போடு பிடித்துக்கட்டும் கிளிப் ஆகியவை போதும். கழன்ற கிளிப்பை மாட்டாமல் விட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். கிராங்க் சென்சாருக்கும், கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனுக்கும் முறுக்கி வரும் இரட்டை வயரை முறுக்காமல் நீட்டி இணைத்தால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் உள்ளே புகும்.

சரியாகிவிட்டது என்று பட்டறை வாசலில் சொல்ல முடியாது. பழுது வந்த அதே பளுவோடு, அதே சூட்டில், வெள்ளிமலை ஏற்றத்தில் ஸ்கேனர் பதிவை ஓடவிட்டு ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கான டீசலை யார் போடுவது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.